கொழுக்கட்டைக்காரி

நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது இத்தனை நேரமும் பேசிக்கொண்டே இருந்தது தெரிகிறது. மீன்தொட்டிக் காற்றுக் குழாயின் முணுமுணுப்பு, வடிகட்டியிலிருந்து தண்ணீர் விழும் சளசளப்பு, தலைக்கு மேல் மின்விசிறியின் கிறீச்சு எல்லாம் ஒரே மூச்சில் அடங்கிவிட, கூடம் காது அடைத்தாற்போல் ஆகிவிட்டது. மாதாந்திரப் பராமரிப்பு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவும் சுற்றுவட்டாரமும் பிற்பகல்வரை மின்சாரமின்றி இருக்கும் என்று நேற்றே நாளிதழில் இருந்தது, படித்தேன், படித்தும், மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பொறியைச் சோதித்துவைக்கத் தோன்றவில்லை. இப்போது அழுத்துகிறேன், அது கையில் உயிரில்லாமல் கிடக்கிறது. ஆகவே டம்ளர். செம்பு வேண்டாம், செம்பு மீன்களுக்கு நஞ்சு, எவர்சில்வர் டம்ளர். தொட்டியின் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மோந்து, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் தன்னோடு காற்றையும் உள்ளே இழுத்துச் செல்லும். மோந்து, தூக்கி, ஊற்றி. மிக உயரத்திலிருந்து ஊற்றினால் மணல் கலைந்து அவள் மிரள்வாள். மிகத் தாழ்வாக ஊற்றினால் பயனில்லை. அவள் பின்பக்கத்துப் பாறை இடுக்கில் இருக்கிறாள், மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் மை தீட்டியது போன்ற கருங்கோடு, தாடைக்குக் கீழே அந்தப் புடைப்பு. வாய் நிறைய முட்டைகள். இந்நேரம் முட்டைகளாக இரா, கண் வைத்த குஞ்சுகளாக இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் ஏரியொன்றில் பாறைகளுக்கிடையே வாழும் சாதி, சிக்லிட் என்பார்கள்; எங்கள் தாமிரபரணித் தண்ணீர் இவற்றுக்கு மென்மை மிகுதி என்று தூத்துக்குடிக் கிளிஞ்சல்களை அடியில் பரப்பி வைத்திருக்கிறேன். கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது, பேசாத உயிர்கள் சிலவற்றோடு இருக்கலாம் என்று எண்ணித்தான் வாங்கினேன். வாழ்நாளெல்லாம் கேட்டே கழிந்தது. ஒரே கதைப்பாட்டை ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்து, யார் எந்தச் சொல்லை எங்கே மாற்றிப் பாடினார் என்று அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் தொழில். மீன் எதையும் மாற்றிச் சொல்லாது என்று நம்பினேன். இவை வாயாலேயே வாழ்பவை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மணலை வாயால் அள்ளி இடம் பிடிக்கின்றன, வாயோடு வாய் கோத்துச் சண்டையிடுகின்றன. பெண் தான் இட்ட முட்டைகளை உடனே வாயில் எடுத்துக்கொள்கிறது, ஆண் தன் அடித்துடுப்பில் இருக்கும் பொய்முட்டைப் புள்ளிகளை ஆட்டிக் காட்ட, அவற்றையும் முட்டை என்று பொறுக்க வாயைக் கொண்டுபோகிறது, அப்போதுதான் உள்ளே இருப்பவை கருக்கொள்கின்றன. பிறகு பல நாள் பட்டினி. வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். மூடியே இருந்தாலும் சமயத்தில் போய்விடும், உள்பக்கமாக. சென்ற முறை இவள் விழுங்கிவிட்டாள். காலையில் பார்த்தபோது புடைப்பு இல்லை, தொட்டியில் குஞ்சுகளும் இல்லை, இவள் எல்லோரோடும் சேர்ந்து உருண்டைத் தீனி தின்றுகொண்டிருந்தாள், எதுவும் நடவாதது போல.

“கரண்டு போயிட்டா?” அடுக்களையிலிருந்து என் மனைவி உலகம்மாள். “போயிட்டு,” என்றேன். “பேப்பர்ல போட்டிருந்தானே. தொலைந்தது கிடைத்தது மொதக்கொண்டு வாசிக்கிற மனுசன், இதை மட்டும் விட்டுட்டியளாக்கும்.” பாத்திரம் நகரும் ஓசை. “உங்க கொளுக்கட்டைக்காரி என்ன செய்யுதா?” வைத்திருக்கிறாள் என்றேன். இந்தப் பெயர் உலகம்மாள் வைத்தது. கேட்ட கேள்விக்கு வாய் திறவாமல் நிற்பவரைப் பார்த்து, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்கும் வழக்கத்தை ஒட்டி, இவள் முதன்முறை தாடை புடைத்து நின்ற அன்றே சூட்டிவிட்டாள். கொளுக்கட்டை. ழகரம் அவளுக்கு வராது. மணமான புதிதிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்: பழம், மழை, கிழமை. அவள் பளம், மளை, கெளமை என்பாள், சொல்லிவிட்டு உதட்டோரம் ஒரு சிரிப்பு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியில் இருந்தவள். கழுகுமலை, தாழையூத்து, ஆழ்வார்திருநகரி என்று நாள் முழுக்க ஊர்ப்பெயர்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த நாக்கை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்தாளோ. பணியில் இருக்கும்போது அவள் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அழைத்த நேரங்களிலெல்லாம் வேறு யாராவதுதான் இருந்தார்கள். “வாளைப்பளம் இருக்கு, ரெண்டு தரட்டுமா? காலையிலயும் ஒண்ணும் சாப்பிடல.” “பப்பாளி இருந்தா குடு.” சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். பப்பாளி எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. அடுக்களையில் ஓசை நின்றது. சற்றே நின்று, மறுபடி தொடங்கியது. மோந்து, தூக்கி, ஊற்றி.

பப்பாளியைக் கேட்டதற்குக் காரணம் அதன் மென்மை அன்று. வாழைப்பழம் அதனினும் மென்மை. பெயர்தான். பப்பாளி என்பதில் ழகரம் இல்லை. வாழைப்பழத்தில் இரண்டு இருக்கின்றன. ழகரம் பிறக்க நாவின் நுனி மேல்நோக்கி வளைந்தால் போதாது. அதன் இரு ஓரங்களும் கடைவாய்ப் பற்களின்மேல் சாய்ந்து தாங்கி நிற்க வேண்டும். வலது ஓரத்தில், பின்பக்கம், கண்ணாடியில் எளிதாக அகப்படாத இடத்தில், அது இருக்கிறது. அது. இன்னும் பெயர் வைக்கவில்லை. புண் என்றால் ஆறியிருக்க வேண்டும். வெடிப்பு என்றால் இந்தத் தடிப்பு ஏன். சாய்ந்து தாங்கும் அந்த நொடியில் பல்லின்மேல் உரசி, சுள்ளென்று, உடனே நா தானாகவே பின்வாங்கிவிடுகிறது, ழகரம் ளகரமாக வெளியே விழுகிறது. முதலில் அதைக் கேட்டது நான்தான், வேறு யாருக்கு அந்தக் காது. அன்றுமுதல் மழையைத் தூறல் என்கிறேன். ஏழு என்பதை விரலில் காட்டுகிறேன். தமிழில் ழகரம் இல்லாமல் ஒரு வாழ்க்கை நடத்த முடிகிறது என்பது வியப்பாக இருக்கிறது. அடுத்த சொல்லை வாய்க்குள் புரட்டிப் பார்த்து, முள் இருக்கிறதா என்று தடவி, பிறகே வெளியே விடுகிறேன். தொட்டிக்குள் இவளும் அப்படித்தான் புரட்டுகிறாள், இதோ, இந்தக் கணத்தில்: தாடை அசைகிறது, மெல்லுவது போல, ஆனால் மெல்லுவதில்லை, உள்ளே இருப்பவை பூஞ்சை பிடிக்காமல் உருட்டிக்கொடுக்கிறாள். பார்ப்பவருக்கு ஏதோ சொல்லவருகிறாள் என்று தோன்றும். வாய்க்குள் ஒன்று இருந்தால் சொல் மாறும் என்பதை நான் இப்போது கற்கவில்லை. வில்லுப்பாட்டு அண்ணாவி மாடக்கண்ணுவின் ஒலிநாடாவில் கற்றது. கதையில் அரசி, துரத்துவோருக்குத் தப்பி வாழைக்குள் மறைகிறாள். எல்லோரும் அப்படித்தான் பாடுகிறார்கள். மாடக்கண்ணு மட்டும் வாளைக்குள் மறைகிறாள் என்று பாடியிருந்தார். பேச்சில் எப்படியோ, பாட்டில் அவர் ழகரம் பிசகாதவர். ஆகவே இது வாளை மீன்தான், அரசியை மீன் விழுங்கிக் காப்பாற்றிக் கரையில் உமிழும் வேறொரு பழைய கிளை என்று நான் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. மறுமுறை கேட்டபோது, அந்த வரிக்கு முன்னால் மெல்லிய ஓசை ஒன்று. செல்லப்பெட்டி திறக்கும் ஓசை. வெற்றிலை போட்டிருக்கிறார். போடுவதற்கு முன் பாடிய இடங்களிலெல்லாம் வாழை, போட்ட பின் வாளை. கன்னத்துக்குள் ஒதுக்கிய புகையிலை ஓர் அரசியை மீனின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டது. அடிக்குறிப்பு எழுதினேன், மிகவும் பாராட்டினார்கள்.

அந்தச் செல்லப்பெட்டி. அதை அவர் முதலில் என் பக்கம்தான் நகர்த்துவார். “போடுங்க சார், போட்டாத்தான் நாக்கு வணங்கும்.” அவருடைய பெட்டியிலிருந்து எடுத்துப் போடாதவருக்கு அவர் பாடியதில்லை, மற்றவர்களும் அப்படியே, மறுத்தால் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டார்கள், தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள். எனவே போட்டேன். தலை சுற்றியது, பிறகு சுற்றவில்லை, பிறகு பாட்டு இல்லாத நாட்களிலும் கை பெட்டியைத் தேடியது. விட்டும் நெடுங்காலம் ஆகிறது. நெடுங்காலம். விட்ட பிறகு எத்தனை காலம் ஆனால் கணக்கு தீரும் என்று யாரிடம் கேட்பது. மாடக்கண்ணுவைக் கடைசியாகப் பார்த்தபோது முகத்தின் கீழ்ப்பாதியைத் துண்டால் கட்டியிருந்தார். துண்டுக்குள் வலப்பக்கம் ஒன்றும் இல்லாதது போல் துணி உள்வாங்கியிருந்தது. கண்ணால் சிரித்தார். அவருடைய பாட்டு முழுவதும் என் பையில் நாடாவாக இருந்தது, அவரிடம் இல்லை. போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கை அசைத்தார். ஊற்றுவதை நிறுத்திவிட்டேனே. எவ்வளவு நேரமாக நிறுத்தியிருக்கிறேன்? ஆண் மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, காற்றுக்குத் தவிக்கத் தொடங்கிவிட்டது, அவள் வரவில்லை. வரவும் மாட்டாள், வாயைத் திறக்க வேண்டியிருக்கும். மோந்து, தூக்கி, ஊற்றி. கை வலிக்கிறது. மின்சாரம் போன நாள் ஒன்றில்தான் சென்ற முறையும் விழுங்கினாள் என்று நினைக்கிறேன், அல்லது அதற்கு மறுநாள். திணறினால் ஒன்று துப்பிவிடுவாள், மற்றவை பாய்ந்து தின்றுவிடும், அல்லது விழுங்குவாள். அன்புராஜைக் கேட்டால் என்ன. முருகன்குறிச்சியில் மீன் கடை வைத்திருப்பவர், இந்த மீன்களை எனக்கு விற்றவர். எடுத்தவுடன் பின்னணியில் பெரிய மின்னாக்கியின் இரைச்சல். “சொல்லுங்க சார். அங்கயும் இல்லையா? நம்ம கடையில ஜெனரேட்டர் போட்டாச்சு, காதுதான் கேக்கமாட்டேங்கு.” கொழுக்கட்டைக்காரியின் நிலையைச் சொன்னேன். “ரொம்ப நாளா வச்சிருக்குன்னா சட்டுனு பிடிச்சு ஸ்டிரிப் பண்ணிருங்க சார்.” “எப்படி?” “ஈரக் கையால பிடிச்சு, தலைய தண்ணிக்குள்ள தாழ்த்தி, கீழ்த்தாடைய லேசா அழுத்துனா வாயத் தொறந்துரும். குஞ்செல்லாம் பொலபொலன்னு வந்துரும். அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.” “மிரண்டு போய்...” அடுத்த சொல்லை நான் தடவிப் பார்க்கவில்லை, கடைக்காரரின் இரைச்சலுக்கு மேல் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, “முளுங்கிருவாளோன்னு பயமா இருக்கு.” “என்னது சார்?” “சாப்பிட்டிருவாளோன்னு.” “ஆங், முளுங்கத்தான் செய்யும் சார், நீங்க பாத்துக்கிட்டே இருந்தா முளுங்கத்தான் செய்யும். எத்தனை நாளைக்கு வாய்க்குள்ளயே வச்சிருக்கும், அதுவும் உசுருதான?” வைத்துவிட்டேன். அடுக்களையில் ஏதோ ஒன்று மேடைமீது வைக்கப்பட்ட சத்தம், கரண்டியாக இருக்கலாம்.

ஈரக் கையால் பிடித்து, தாடையை லேசாக அழுத்தி. இல்லை. நான் செய்யமாட்டேன். வற்புறுத்திப் பெற்ற பாடலில் எப்போதும் ஏதாவது உடைந்திருக்கும் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தானாக வருவதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன் என்றுதான் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். அது தானாக ஆறிவிடும் என்று காத்திருந்தேன். எப்போது தொடங்கியது என்பதற்கு என்னிடம் ஒரு வரலாறு இருக்கிறது: முறுக்கைக் கடித்தபோது நாவும் சேர்ந்து கடிபட்டது. தெளிவாக நினைவிருக்கிறது, பல்லிடுக்கில் எள்ளின் மணம்கூட. ஆனால் கடைவாய்ப் பல்லின் முனை உடைந்து கூராகி உரசிய நினைவும் அதே தெளிவோடு இருக்கிறது. காய்ச்சலுக்குத் தின்ற மாத்திரையால் வெந்தது என்பதும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரே மூன்று தோற்றக்கதை சொன்னால், அந்தத் தகவலாளியைப் பற்றி நான் என்ன முடிவுக்கு வருவேன்? மூன்றையும் எழுதிக்கொள்வேன், அருகருகே வைப்பேன், மூன்றிலும் சொல்லப்படாமல் விடப்பட்டது எது என்று பார்ப்பேன். மூன்றிலும் வெற்றிலை இல்லை. மூன்றிலும் கன்னத்துக்குள் ஒதுக்கிய புகையிலை இல்லை. இந்தப் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பொழுதைப் போக்கிக்கொண்டிருப்பவனின் நாவில் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதற்கு ஒரே பாடம்தான். கைவிளக்கை எடுத்து அவள் பக்கம் அடிக்கிறேன். பகலானாலும் பாறை நிழல் இருட்டு. ஒளி பட்டதும் திரும்புகிறாள். தாடையின் தோல் மெலிந்து கண்ணாடித்தாள் போல் ஆகிவிட்டது, உள்ளே கரும்புள்ளிகள் அசைகின்றன, இரண்டிரண்டாக. கண்கள். இன்னும் இருக்கின்றன. குளியலறைக் கண்ணாடியில் இதே விளக்கை நான் என் வாய்க்குள் அடித்துப் பார்ப்பதுண்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு. அங்கே வெளுப்பும் சிவப்பும்தான். ஒவ்வொரு முறையும் சென்ற முறையைவிடச் சிறிது என்று முடிவுசெய்வேன். காலையில் அவளுக்கும் மற்றவற்றுக்கும் தீனி போட்டேன். முண்டியடித்துக்கொண்டு முதல் ஆளாக மேலே வந்தாள், உருண்டை மூக்கின் முன்னால் மிதந்தது, பார்த்தாள், திரும்பிப் போனாள். இதுதான் அடையாளம் என்று உலகம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தாடையைக்கூடப் பார்க்க வேண்டாம், சாப்பாட்டுக்கு வருவாள், தின்னமாட்டாள், அவ்வளவுதான்.

தட்டு வந்துவிட்டது. கையில் டம்ளரோடு இருப்பவனின் முன்னால் முக்காலியை இழுத்து, அதன்மேல் தயிர்சோற்றை வைத்துவிட்டு, உலகம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழையப் பிசைந்திருக்கிறாள், தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லையே. “சாப்பிடுங்க.” கரண்டு வரட்டும் என்றேன். “கரண்டுக்கும் உங்க வாய்க்கும் என்ன?” இவள் ஒருத்தி திணறுகிறாள் என்று தொட்டியைக் காட்டினேன். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. “கொஞ்ச நாளா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்பிடக் கூப்பிட்டா ஒடனே வாரிய. தட்டு முன்னால உக்காருதிய. பாக்கிய. ரெண்டு வாய் வச்சிட்டு எந்திரிச்சிருதிய. இது யாரு செய்த வேலைன்னு நீங்கதான எனக்குச் சொல்லித் தந்திய?” காரம் என்றேன். “தயிர்சோத்துல என்ன காரம்?” மோந்தேன். தூக்கினேன். ஊற்றவில்லை. “மளை பெஞ்சா தூறல்ங்கிய. என்னைக்குக் கலியாணம், என்ன கெளமைன்னு போன்ல கேட்டா என்கிட்ட நீட்டிருதிய. பப்பாளி கேக்கிய, நம்ம வீட்டுல என்னைக்குப் பப்பாளி வாங்குனோம்? சரி, ஏதோ கிறுக்குன்னு விட்டேன். இப்ப அந்தக் கடைக்காரங்கிட்ட முளுங்கிருவான்னிய. நான் கரண்டியக் கீழ வச்சிட்டேன். என்னை இத்தனை வருசம் திருத்துன வாயி, அது எப்படி முளுங்கும்?” நான் ஏதோ சொல்ல எடுத்து, புரட்டி, வேறொன்றை எடுத்தேன். “என்ன மென்னு முளுங்குதிய? வாயத் தொறங்க.”

கைவிளக்கை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். இன்னொரு கை என் தாடையின் கீழ் வந்தது, ஈரமாக, அடுக்களைத் தண்ணீரின் குளிர்ச்சியோடு. கட்டைவிரல் லேசாக அழுத்தியது. திறந்தேன். ஒளி உள்ளே போயிற்று. நாவை இடப்பக்கம் ஒதுக்கினேன், அவள் சொல்லாமலேயே. அவள் மூச்சு என் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது, ஓரிடத்தில் அது நின்றது, மறுபடி வந்தது. விளக்கை அணைத்தாள். தாடையை விடவில்லை. “எப்பருந்து?” முறுக்கு கடித்தபோது என்று தொடங்கினேன். “அது ஒண்ணு.” பல்லு ஒன்று கூராகி... “அது ரெண்டு. இந்தப் பாடபேதம்லாம் உங்க புஸ்தகத்தோட வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்.” தொட்டியில் ஏதோ துள்ளியது. நான் திரும்ப முயன்றேன், கை விடவில்லை. “தெரியல,” என்றேன். “ரொம்ப நாளாச்சு. பயமா இருக்கு.” மூன்று வாக்கியங்களிலும் ழகரம் இல்லை, தேடித் தவிர்த்ததும் இல்லை. அவள் தலையை ஆட்டினாள், இணைப்புக் கிடைத்துவிட்டது போல. “சட்டைய மாத்துங்க. மொதல்ல நம்ம பல் டாக்டரைப் பாப்போம். அவரு எங்க போகச் சொல்லுதாரோ அங்க போவோம்.” கரண்டு இன்னும் வரவில்லையே, இவளை இப்படியே விட்டுவிட்டு என்றேன். “மாடிவீட்டு எஸ்தர் டீச்சர் வந்து ஊத்துவாங்க. சொல்லியாச்சு.” சொல்லியாச்சா, எப்போது? “காலையிலயே. நீங்க ஒண்ணும் சாப்பிடாம சுவரு மாதிரி உக்காந்து மீனப் பாத்துக்கிட்டு இருந்தியளே, அப்ப. அவுக வாரவரைக்கும் நான் ஊத்துதேன், குடுங்க அதை.”

டம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது குனிந்து பார்த்தேன். இடுக்கில்தான் இருந்தாள். புடைப்பு இருந்தது. தாடை அசைந்துகொண்டிருந்தது. உள்ளறையில் சன்னலோர வெளிச்சத்தில் நின்று சட்டையின் பொத்தான்களைப் போடத் தொடங்கினேன். கூடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, என் ஊற்றலைவிட நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி விட்டு. அலமாரிக் கண்ணாடியில் ஒரு கிழவரின் மூடிய வாய். யாரும் கேட்கமாட்டார்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கொளுக்கட்டை. நாவைச் சாய்த்து, சுள்ளென்றதைப் பொறுத்து, மறுபடியும். கொளுக்கட்டை. தண்ணீரின் ஓசை நின்றது. “கொழுக்கட்டை,” என்றாள் கூடத்திலிருந்து. நான் பொத்தானைப் பிடித்தபடி நின்றேன். நா மேலே வளைந்து, ஓரங்கள் தாங்கி, நுனி எங்கும் தொடாமல் உருண்டு வெளிவந்த ழகரம். வகுப்பில் நான்கூட இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. இத்தனை காலமும் இதை எங்கே வைத்திருந்தாள். “உலகு?” என்றேன். “ம்.” “இன்னொரு தரம் சொல்லு.” பிறகு அந்தக் குரல் வந்தது, நான் ஒருநாளும் கேட்டிராத, சற்று உயர்ந்த, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்தும் குரல். “கழுகுமலை,” என்றது. “தாழையூத்து. ஆழ்வார்திருநகரி.” தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது. “லைன்லயே இருங்க, சார்.”